மெட்டில்டா டீச்சரின் பதினோரு மெஷின்கள்

கம்ப்யூட்டருக்குள் நினைவகமாக இருக்கும் ரேம் துண்டின் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார். ஊதுகிறார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்கிறார். "மூஞ்சி கழுவாம கிளாஸுக்கு வந்தா எப்பிடிடி பாடம் ஏறும்?" என்று அதனிடமே கேட்கிறார். ரப்பர் துகள் மடியில் உதிர்கிறது. மெட்டில்டா டீச்சரின் புடவை எந்த நிறமானாலும் மடி மட்டும் சாம்பல் பூத்திருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் அவர் கம்ப்யூட்டர் ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவர். மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். ஹாரன் அடிக்க மாட்டார். குறுக்கே வந்தவரின் பக்கத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தி, ஏன் வந்தீர்கள் என்று கேட்பார். பதில் வரும்வரை நகர மாட்டார். அதனால் பள்ளிக்குத் தாமதமாவது உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. "வீட்டுல எதுக்கு? சண்டை போட அங்க ஆளு இருக்காரு" என்பார். ஆள் என்பது கணவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இதைக் கேட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

சாதாரண நேரத்தில் மெட்டில்டா பேசுவது வகுப்பறைத் தமிழ். கோபம் வந்தால் பல்லாவரத்தில் வளர்ந்த சின்ன வயது வெளியே வந்துவிடும். 'என்ன' போய் 'இன்னா' வரும். ஆசிரியர் அறையில் அதுதான் எச்சரிக்கை மணி. 'இன்னா' காதில் விழுந்ததும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய லேபில் ஒரு சொல்லுக்குத் தடை. டெட். யாராவது "மெஷின் டெட் மிஸ்" என்று வந்து நின்றால், "டெட்டுன்னு டாக்டர் சொல்லணும். நீ டாக்டரா?" என்பார். வருடக்கணக்காக இதே வசனம். ஏப்ரலுக்குப் பிறகு அதை விட்டுவிட்டார். இப்போது "அந்த வார்த்தை இங்க வேணாம்" என்பதோடு சரி.

ஏப்ரலில் இறந்தது என் அம்மா ஞானாம்பாள். அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் அறையில் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் அம்மாவும் மெட்டில்டாவும். அன்று மதியம் அம்மாவுக்குத் தாடை வலித்தது. வியர்த்துக் கொட்டியது. மெட்டில்டாதான் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த டாக்டர் வயதைக் கேட்டார். மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டார். புளிசாதம். வாயு என்று எழுதினார். ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார். ஈசிஜி கருவி அதே அறையில் உறை போட்டு மூடியிருந்தது. மறுநாள் விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

"கேக்கலையே சரிதா" என்றார் மெட்டில்டா, எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு. உட்காரவில்லை. "வலி எங்க போவுதும்மான்னு ஒரு வார்த்தை கேக்கலையே. பொம்பள, இன்ன வயசு, புளிசாதம். எழுதிட்டான். நான் பக்கத்துலயே நிக்கறேன், எங்கிட்டயாவது கேக்கலாமில்ல?" பிறகு அந்த நர்சிங் ஹோமுக்குப் புகார் சொல்லப் போனார். ஒருவர் இன்னொருவர் மேசையைக் காட்டினார். அவர் மற்றொருவர் மேசையை. இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

இது அம்மாவைப் பற்றிய கட்டுரை இல்லை.

பள்ளி திறந்த பிறகு அம்மாவின் அலமாரியைக் காலி செய்யப் போனேன். ஒரு குடை, நாற்காலி மெத்தை, கோணமானி. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மெட்டில்டாவிடம் சொல்லிக்கொள்ள லேபுக்குப் போனபோது உள்ளே 'இன்னா' கேட்டது.

எதிரில் நின்றவன் மெர்வின். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியின் என்ஜினியர். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில், லேப் மெஷின்கள் இனி உதவாது என்ற ஒரு சான்றிதழ். மெட்டில்டா அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"மிஸ், பர்சனலா எடுத்துக்காதீங்க. சிடி போட்டா லினக்ஸ் இன்ஸ்டால் ஆவுது. ரீஸ்டார்ட் பண்ணா அப்படியே நின்னுடுது. பதினொண்ணும் அதே மாதிரி. ப்ராசசர் டெட்."

"பதினொண்ணும் ஒரே நாள்லயா? இன்னாபா, காலராவா?"

"இல்ல மிஸ், பழைய மெஷினு…"

"டெட்டான ப்ராசசர் இன்ஸ்டால் மட்டும் பண்ணிச்சா? செத்தவன் எழுந்து வந்து சோறாக்கி வெச்சுட்டு, திரும்பப் போய் செத்துக்கினானா?"

மெர்வின் சிரித்துவிட்டான். சிரித்தது தப்பு. சான்றிதழை அவன் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு, வாசலைக் காட்டினார் மெட்டில்டா.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்து இரண்டில் அம்மாவும் மெட்டில்டாவும் ரிச்சி தெருவில் அலைந்து, பள்ளி கொடுத்த சின்னத் தொகைக்குள் வாங்கிய மெஷின்கள் அவை. உள்ளே இருக்கும் ப்ராசசர் பெரிய கம்பெனிகளின் சிப் இல்லை. ஒரு தைவான் கம்பெனியின் மலிவு சிப். அதிகம் சூடாகாது, கரண்ட் குறைவு, ஏழை சிப். பழைய விண்டோஸில் ஐந்து வருடம் ஒழுங்காக ஓடியது. இப்போது பாடத்துக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் புது லினக்ஸும் ஸ்டார் ஆபீஸும் வேண்டும் என்றார் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் பத்ரிநாராயணன். மெர்வின் வந்து போட்டுப் பார்த்தான், ஓடவில்லை. உடனே முடிவாகிவிட்டது. பதினோரு மெஷினும் காயலாங்கடைக்கு. லேப் அறை அதே கம்பெனிக்கு. அவர்களே மெஷின் வைப்பார்கள், அவர்களே ஆள் வைப்பார்கள், பிள்ளைகளிடம் தனிக் கட்டணம். கட்ட முடியாதவர்கள் வேறு குரூப்புக்கு மாறிக்கொள்ளலாம். டெம்போ அந்த வாரம் சனிக்கிழமை வரும்.

"பிளஸ் டூ பாதி பசங்க முடிச்சூர்லேருந்து சைக்கிள்ல வருதுங்க" என்றார் மெட்டில்டா. "அப்பன் கட்டடத்துல சித்தாள். ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படிச்சாச்சு. இப்ப வந்து ஹிஸ்டரிக்குப் போன்னா, அது எங்க போவும்? நேரா வேலைக்குப் போவும். அவ்ளோதான்."

எனக்குப் பெருங்குடியில் வேலை. சிப்களுக்கும் ப்ரோகிராம்களான நிரல்களுக்கும் இடையே நடக்கும் தகராறுகளைத் தீர்ப்பதுதான் அந்த வேலை. அம்மா போனதற்கு எடுத்த நீண்ட விடுப்பு இன்னும் முடியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. பையை ஓரமாக வைத்தேன்.

சான்றிதழ் வருவதற்கு முன்பே மெட்டில்டா தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்திருந்தார். எல்லா மெஷின் ரேமையும் ரப்பர் போட்டுத் தேய்த்தாயிற்று. தாம்பரம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் தொடுகிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு; பத்துக்கு மூன்று தடவை பலிக்கும், அதனால் பத்துத் தடவையும் செய்வார்கள். பிறகு சிடி டிரைவ் மேல் சந்தேகம். சுண்ணாம்புத் தூள் போயிருக்கும் என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஆபீஸ் அறையின் புது மெஷினில் மாட்டி, அதில் லினக்ஸ் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து பூட்டினார். ஆபீஸில் ஓடியது. இங்கே நின்றுவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கே பயம் வந்ததாகச் சொன்னார். "மெர்வின் சொல்றது நெஜமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன் பாரு. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

நின்ற மெஷினின் திரையைப் படித்தேன். கடைசி வரி, இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்தது என்றது. இனிட் என்பது மெஷின் எழும்போது முதலில் எழும் நிரல். மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

"கொலையா? யார் செஞ்சது?" என்றார் மெட்டில்டா.

அதைத்தான் தேட வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க் வட்டைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும் பழைய லினக்ஸ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதைப் போட்டேன். எழுந்தது. டெட் என்று சான்றிதழ் வாங்கிய சிப், உள்ளே தன்னைப் பற்றி வரிவரியாகச் சொன்னது. மெட்டில்டா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார், வருகைப் பதிவேடு படிப்பது போல. ஒரு பெயர் அதில் இல்லை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சிப்பிடம் நீ எந்தக் குடும்பம் என்று கேட்க வழி உண்டு. இந்தச் சிப் ஆறு என்று சொல்லும். ஆறாம் குடும்பத்துச் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டளை தெரியும்: நிபந்தனை சரியாக இருந்தால் மட்டும் ஒரு மதிப்பை இடம் மாற்றுவது. இந்தச் சிப்புக்கு அது தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், தனியாகக் கேட்டுக்கொள் என்றுதான் கையேடு சொல்கிறது. கேட்பதற்கு இடமும் ஒதுக்கியிருக்கிறது. லினக்ஸை ஏற்றும் நிரல் கேட்கவில்லை. ஆறு என்ற எண்ணைப் பார்த்தது. எல்லா நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர்; அந்தக் கட்டளை நிறைந்த நூலகத்தை எடுத்து வட்டில் வைத்தது. மெஷின் மறுபடி எழும்போது கட்டளை முதல் முறை வந்தது. சிப் தெரியாது என்றது. இனிட் விழுந்தது.

"அப்ப இது பொய் சொல்லலை?" என்றார் மெட்டில்டா.

"இல்ல ஆன்ட்டி. ஆறுன்னு சொன்னது உண்மைதான்."

"இது எனக்குத் தெரியாதுன்னும் சொல்லும்?"

"கேட்டா சொல்லும்."

"கேக்கலை."

"கேக்கலை."

"தெரியாதவங்களுக்கு வேற புஸ்தகம் இருக்கா?"

"இருக்கு. பழைய சிப்புங்களுக்குன்னு தனியா. அதே சிடியில."

அவர் எழுந்தார். பெஞ்சுகளுக்கு இடையே போனார், வந்தார். கையிலிருந்த ரப்பரை ஜன்னல் வழியாக எறிந்தார். "அதே சிடியில! இன்னா அக்கிரமம் இது? பக்கத்துலயே கீது, எடுத்துக் குடுக்க கை வரலை. நம்பரைப் பாத்து எழுதிக்கினு போய்ட்டான். எழுதினவன் யாரு? அட்ரஸ் இருக்கா? நான் போய்க் கேக்கறேன்."

எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெருங்குடியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்றவர்கள். அவர்கள் மேசையில் இருக்கும் மெஷின்களில் எல்லாம் அந்தக் கட்டளை உண்டு. இதை மெட்டில்டாவிடம் சொன்னேன். "நல்லவன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?" என்றார்.

வேலை என்னவோ எளிதுதான். பழைய சிடியில் மெஷினை எழுப்பி, வட்டிலிருந்த நூலகத்தை எடுத்துவிட்டு, பழைய சிப்புக்கானதை வைக்க வேண்டும். முதல் மெஷின் எழுந்தது, பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்ததும் விழுந்தது. பூட்டுச்சாவி வேலை பார்க்கும் இன்னொரு நூலகமும் ஆறு என்ற எண்ணைப் பார்த்தே வந்து உட்கார்ந்திருந்தது. "இவனுமா?" என்றார் மெட்டில்டா. அதையும் மாற்றினோம். பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அவரே செய்தார். வேகம் கிடையாது. ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டுவார். வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், சனிக்கிழமைக்குள் இரண்டு மெஷின்தான் முடிந்தது.

சனிக்கிழமை காலை டெம்போ வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் துளசிங்கம், சேலையூர் காயலாங்கடைக்காரர். கூடவே மெர்வினும், கொஞ்சம் பின்னால் பத்ரிநாராயணனும். மெட்டில்டா லேப் வாசற்படியில் நின்றார். படி அகலம் குறைவு. அவர் நின்றால் வேறு யாரும் ஏற முடியாது.

"எக்கா, எடுக்கவா, வோணாவா? முடிச்சூர் வேற போவணும்" என்றார் துளசிங்கம்.

"கொஞ்சம் இருங்கண்ணா. உள்ள ஓடிகினு இருக்கு. ஓடறதைப் பாத்துட்டு எடுக்கணும்னா எடுங்க."

"ஓடுதா? சாவு வூட்டுக்கு வந்தா பொணம் எழுந்து காபி குடிக்குதுன்ற."

பத்ரிநாராயணன் கனைத்தார். "மெட்டில்டா மிஸ், உங்க ஃபீலிங் எனக்குப் புரியறது. ஞானாம்பாள் மேடம் வாங்கின மெஷின். ஆனா சென்டிமென்ட்ட வெச்சு லேப் நடத்த முடியாது."

அவர் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது.

"இன்னா சார் சென்டிமென்ட்டு?" மெட்டில்டாவின் குரலுக்கு எதிர்க்கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. "ஓடறத ஓடுதுன்னு சொன்னா சென்டிமென்ட்டா? கேக்காம கொள்ளாம செத்துப்பூட்ச்சின்னு ஒருத்தன் எழுதிக்கினு வருவான், அது இன்னா, சயின்ஸா? ஞானம் வாங்கினான்றதுக்காக நான் ஒண்ணும் கட்டிகினு அழலை. இது ஓடாட்டி நானே தூக்கி வண்டில போட்டிருப்பேன். உள்ள வா சார். வந்து பாரு."

கரஸ்பாண்டென்டை அவர் ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பத்ரிநாராயணன் அதைக் கவனித்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வந்தார்.

இரண்டு மெஷினும் எழுந்து நின்றன. ஸ்டார் ஆபீஸ் திறக்க ஒரு யுகம் ஆனது. ஹார்ட் டிஸ்க் கறமுறவென்று அரைத்தது. பக்கம் திறந்ததும் மெர்வின் தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்தான். ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தான், சேமித்தான், மூடித் திறந்தான். நூலகம் மாற்றிய கதையை நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவனுக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

"சார், ஓடுது சார்" என்றான் பத்ரிநாராயணனிடம். பிறகு மெட்டில்டாவிடம், தாழ்ந்த குரலில், "சாரி மிஸ். சிடி கேக்கலை. நானும் கேக்கலை."

"நீயாவது சொல்ற" என்றார் மெட்டில்டா.

"ரெண்டு ஓடறது. சரி" என்றார் பத்ரிநாராயணன். "மிச்சம் ஒம்பது? இந்த ரெண்டையும் வேற எங்கேயோ ரெடி பண்ணிக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்கன்னு நாளைக்கு டிரஸ்ட்ல ஒருத்தர் சொன்னா நான் என்ன பதில் சொல்றது? இன்னொண்ணு என் கண்ணு முன்னாடி எழுப்புங்கோ. எதுன்னு நான் காட்டறேன். எழுந்தா வண்டியை அனுப்பிடறேன்."

சந்தேகப்பட்டாலும் கேட்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூலையிலிருந்த ஒன்றைக் காட்டினார். இருப்பதிலேயே மோசமான மெஷின் அது. மின்விசிறி சுற்றினால் மாவு மில் சத்தம் வரும். மெட்டில்டா உட்கார்ந்தார். பழைய சிடி. ஒவ்வொரு கட்டளையாக வாய்விட்டுப் படித்தார். மெர்வின் உதவ வந்தான், கையைத் தட்டிவிட்டார். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை செய்தார், தானே கண்டுபிடித்தார், பல்லைக் கடித்துத் திருத்தினார். துளசிங்கம் பெஞ்சு முனையில் உட்கார்ந்து பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். தலையிட வேண்டியிருக்கவில்லை.

மெஷினை நிறுத்தி, சிடியை எடுத்துவிட்டு, மறுபடி போட்டார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. இனிட் வரும் இடத்தில் ஓட்டம் கொஞ்சம் தயங்கியது. மெட்டில்டாவின் கை சிலுவைக் குறி இடப் போனது; நெற்றியைத் தொட்டதோடு நின்றது. பிறகு வரிகள் மேலும் ஓடின. பெயர் கேட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. லினக்ஸின் நீல முகப்பு விரிந்தது.

"எழுந்துகிச்சுபா" என்றார் துளசிங்கம். "ஓடற வண்டிய எவனாச்சும் காயலாங்கடைக்குப் போடுவானா சார்? நான் போட்டா என்னையே வைவாங்க."

பத்ரிநாராயணன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெர்வினைப் பார்த்தார். மெர்வின் சட்டைப்பையிலிருந்த சான்றிதழை எடுத்து நான்காக மடித்துப் பின்பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டான். "வண்டியை எடுத்துண்டு போப்பா" என்றார் பத்ரிநாராயணன். "மெஷின் இங்கேயே இருக்கட்டும். குரூப்பும் இருக்கட்டும். கம்பெனிக்கு நான் சொல்லிக்கறேன்." டெம்போ பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. அவர் வாசல்வரை போனார். ஏதோ ஒரு நல்ல வார்த்தையோடு முடிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும், திரும்பி வந்தார்.

"இப்போ சந்தோஷம்தானே மிஸ்?"

மெட்டில்டா அதற்குள் அடுத்த மெஷினின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அதில் சிடி டிரைவ் வேலை செய்யாது. கழற்றி மாற்ற வேண்டும். திருகாணிகள் இரண்டு உதட்டுக்கு நடுவே இருந்ததால் பதில் சொல்லவில்லை. பக்கத் தகட்டை இழுத்தார். ஐந்து வருடத்துத் தூசியோடு அது கையில் வந்தது. நிமிர்ந்து பார்க்காமலே அதை நீட்டினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்ற பத்ரிநாராயணன், இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.